ஐந்தாவது நிமிடத்தில் பந்து வெளியே போக வேண்டும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் இதன் நாயகியேதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் டாக்மாரா குச்சேரா, போலந்து பெண்கள் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரி, ஒரு மாலை ஈரத் தலையோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நீ கதை எழுதுவியாமே. என்னைப் பத்தி ஒண்ணு எழுதேன். உன் பாஷையிலேயே எழுது.”

“என் பாஷையில எழுதினா உனக்குப் படிக்க வராதே.”

“எனக்கு மட்டுமா வராது? இந்த ரூடா ஊர்ல ஒருத்தருக்கும் வராது. அதுக்குத்தான் சொல்றேன்.”

(அவள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். தமிழில் எழுத உட்கார்ந்தால் ‘அக்கா’ என்று வந்துவிடுகிறது. அடித்துப் பார்த்தேன், திரும்ப வந்தது. இருக்கட்டும்.)

விஷயம் என்ன என்று கேட்டேன். நீ முதலில் ஆரம்பி, அப்புறம் சொல்கிறேன் என்றாள். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, இவர்கள் அப்புறம் என்றால் அப்புறம்தான் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: “சுரங்கக் கோபுரத்தின் மேல் பனி இறங்கிய ஒரு விடியலில், ஒரு சிறுமி தன்னந்தனியாகச் சுவரில் பந்தை உதைத்து” [நிறுத்திவிட்டேன். உலகத்தில் உள்ள பந்தாட்டக்காரர்கள் எல்லாரும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். சுவருக்கே அலுத்துப்போயிருக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: “தோல்வி என்றால் என்னவென்றே அறியாத” [பொய். பல வருடம் எங்கள் அணி தோற்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தது.]

மூன்றாம் தொடக்கம் அவள் போட்ட கோல்களைப் பற்றியது. அதை மொழிபெயர்த்து அவளுக்குச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள்.

“கோலைப் பத்தி எதுக்கு? நான் கோல் போடுறவ இல்லை. போட விடாதவ.”

சரி, கதை அங்கிருந்தே தொடங்கட்டும்.

2

வாழ்க்கை வரலாறு என்றால் வரிசையாகச் சொல்ல வேண்டும். அலுப்பாக இருந்தால் மூன்றாம் பகுதிக்குத் தாவிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பா அலோய்ஸி சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நிலத்துக்கு அடியில் வேலை செய்தவர்களுக்கு இங்கே சீக்கிரமே ஓய்வு கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மனிதருக்குப் புறாவும் பந்தும்தான் உலகம். மகளைச் சுரங்கக் கிளப்பின் பையன்கள் அணியில் சேர்த்துவிட்டார், ஏனென்றால் பெண்கள் அணி என்று ஒன்று கிடையாது. சட்டை பங்கிட்டபோது இருப்பதிலேயே சின்னதாக இருந்தது ஐந்தாம் எண். அது அவளுக்கு வந்தது. முன்னால் நின்று கோல் போட எல்லாப் பையன்களும் முண்டியடித்தார்கள், பின்னால் நிற்க ஆள் இல்லை. அவள் போய் நின்றாள். இவளைத் தாண்டிப் போவது லேசில்லை என்று கொஞ்ச நாளிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

நாட்டு அணிக்குக் கூப்பிட்டபோது அவளுக்கு வயது பத்தொன்பது. புதிதாக வருகிறவர்கள் சாப்பாட்டு அறையில் நாற்காலி மேல் ஏறி நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது இங்கே வழக்கம். மற்றவர்கள் குத்தாட்டப் பாட்டாகப் பார்த்துப் பாடி ஆடிவிட்டு இறங்கினார்கள். இவளுக்குப் பதற்றத்தில் ஒன்றும் வாயில் வரவில்லை. கோயிலில் சுரங்கத் தொழிலாளர் திருநாளுக்குப் பாடுவது மட்டும் வந்தது. முழுதாகப் பாடினாள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் எழுந்து நின்றுவிட்டார்களாம். சமையல்காரம்மாவும் கரண்டியும் கையுமாக நின்றாராம்.

அதற்குப் பிறகு காலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்குவது, மாலையில் பயிற்சி, நடுவில் நாட்டுக்காக விமானம் ஏறிப் போய்த் தோற்றுவிட்டு வருவது. இப்படியே வருடங்கள் ஓடின.

[இங்கே ஒரு தொல்லை. தடுப்பாட்டக்காரி தன் வேலையைச் சரியாகச் செய்தால் எதுவுமே நடப்பதில்லை. நடக்காமல் போனதை நான் எப்படி எழுதுவது? “அன்றும் பந்து கோலுக்குள் போகவில்லை” என்று எத்தனை முறை எழுத முடியும்? அவள் பெயர் செய்தித்தாளில் வந்த நாளெல்லாம் அவள் தவறு செய்த நாள்தான். அந்தத் தாள்களை வைத்து எழுதினால் உலகத்திலேயே மோசமான ஆட்டக்காரி இவள் என்று நினைப்பீர்கள்.]

கடைசியில் ஒரு வழியாக, அணி பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது. எங்கள் பெண்களுக்கு அதுதான் முதல் முறை. தகுதி ஆட்டங்கள் எல்லாவற்றிலும் டாக்மாரா ஆடினாள். போட்டிக்குக் கிளம்பும் முன் பயிற்சியில், யாரும் மேலே விழாமல், யாரும் தொடக்கூட இல்லாமல், முழங்கால் திருகிக்கொண்டது. போட்டியை வீட்டில் காலை நீட்டி வைத்துக்கொண்டு டிவியில் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் இந்த ஊர் வழக்கப்படி கட்டைவிரலை உள்ளே மடக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். பிடித்தால் நம் பக்கம் ஜெயிக்கும். டாக்மாராவும் பிடித்துக்கொண்டிருந்தாள். தன் இடத்தில் வேறொருத்தி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே, அவள் ஜெயிக்க வேண்டும் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

3

இதுவரை எழுதியதைக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்.

முழங்கால் தேறி, கிளப்புக்குத் திரும்பி, ஒரு பருவம் முழுக்க ஆடிவிட்டாள். நாட்டு அணியின் பயிற்சியாளர் மெட்டே என்ற டென்மார்க்காரப் பெண்மணி. அவருக்குப் போலந்து மொழி மைதானத்துக்கு வேண்டிய அளவுதான் தெரியும். டாக்மாராவின் ஆங்கிலமும் அதே மாதிரி: இடது, வலது, மேலே ஏறு, பின்னால் ஆள். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கால்பந்துச் சங்கம் ஒருவரை வைத்திருந்தது. அவரை வைத்துக்கொண்டு ஹோட்டலில் காபி குடித்தபடி மெட்டே கேட்டிருக்கிறார்.

“‘முட்டி நல்லா இருக்கு, அடுத்த தகுதிச் சுற்றுக்கு எங்களோட வர்றியா’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“வேண்டாம்னேன். சின்னப்பிள்ளைங்க ஆடட்டும்னேன்.”

“ஏன்டி?”

“ஏன்னா? கேட்ட உடனே சரின்னு சொல்லிடுவாங்களா யாராவது? பறக்காவெட்டி மாதிரி? திரும்பக் கேப்பாங்கன்னு இருந்தேன்.”

“கேக்கலையா?”

“என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணுல தண்ணி வேற. ‘உன் முடிவை மதிக்கிறேன்’னாங்க. மறுநாளே சங்கத்துல இருந்து போன். வழியனுப்பு ஆட்டம் வைக்கிறாங்களாம்.”

உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் காபி வேண்டாம் என்று சொன்னவருக்குக் காபி வராமல் போயிருக்கிறதா? முதல் ‘வேண்டாம்’ என்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. வந்தவர் திரும்பிப் போகிறார் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்த ஊரிலும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் கூடவே. இரண்டு முறை மறுக்க வேண்டும், மூன்றாம் முறை கேட்டால் “சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு” என்று தட்டை நீட்ட வேண்டும். டென்மார்க்கில் வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பெண்மணி மேல் ஒரு தவறும் இல்லை. என் மகளுக்கு அப்படி ஒருவர் பயிற்சியாளராகக் கிடைத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

ஆனால் அந்த வழியனுப்பு ஆட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். பெரிய ஆட்டக்காரர் விடைபெறும்போது அவர் சட்டையில் என்ன எண்ணோ அந்த நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணியும் இரு வரிசையாக நின்று கைதட்டி, நடுவில் அவரை நடத்தி அனுப்புவார்கள். பதினாறாம் எண்ணுக்குப் பதினாறு நிமிடம். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. டாக்மாராவின் எண் ஐந்து.

அவள் அப்பா இதைக் கேட்டதும் சொன்னது: “அஞ்சு நிமிஷத்துக்கா நான் கோட்டுப் போட்டுக்கிட்டு வரணும்? உக்காந்து பொத்தானைக் கழட்டுறதுக்குள்ள முடிஞ்சிடுமே.”

4

முடிவை முதலில் எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன்.

முடிவு ஒன்று. ஐந்தாவது நிமிடம். பந்து வெளியே போகிறது. இரண்டு வரிசை. பூங்கொத்து. அவள் குனிந்து புல்லைத் தொட்டு [நிறுத்திவிட்டேன். “புல்லை எதுக்கு நான் தொடணும்? பதினஞ்சு வருஷமா அதுலதானே விழுந்து கிடந்தேன்?” என்றாள்.]

முடிவு இரண்டில் எனக்கே ஒரு பெருமை இருந்தது. கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போவது மாதிரி ஆட்டம் நின்றால்தான் ஆளை மாற்ற முடியும். ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் அவளே பந்தை வெளியே உதைக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் அவள் உதைக்கவில்லை. வெளியே போகிற பந்தை எல்லாம் ஓடி ஓடி உள்ளே இழுத்துவிடுகிறாள். ஆறாவது நிமிடம், ஏழாவது நிமிடம், பூங்கொத்தோடு நிற்பவருக்குக் கை வலிக்கிறது, பந்து வெளியே போகவே இல்லை. ஆட்டம் முடியும் வரை ஆடிவிடுகிறாள். மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் கொடுத்திருந்த கேக் தொண்டையில் அடைக்கச் சிரித்தாள்.

“அக்கா, நீ என் ஆட்டத்தைப் பாத்திருக்கியா இல்லையா? சந்தேகம் வந்தா பந்தை வெளியே உதை. நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான். வேண்டாம்னு நினைச்சாக்கூட என் கால் உதைச்சிடும்.”

அவள் அம்மா கிசேலா அப்போது என் வீட்டில் மாவு சலிக்கும் சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். பேச்சின் வால் அவர் காதில் விழுந்தது.

“மைதானத்துல மட்டுமா? வீட்டு வாசலுக்கு வர்றதையும் உதைச்சு வெளியே தள்ளிடுவா இவ. நல்ல மாப்பிள்ளை ரெண்டு பேரைத் தள்ளினா. இப்போ இது.”

“அம்மா.”

“நான் ஒண்ணும் பேசலைடி. சல்லடை குடுக்க வந்தேன்.”

* முடிவு இரண்டை நான் கிழிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

5

இந்த இடத்தில் எனக்கு என் நாயகி மேல் சந்தேகம் வந்தது.

அந்த ‘வேண்டாம்’ வெறும் மரியாதைதானா? அவளுடைய இடத்தில் இப்போது ஆடுகிற மிலேனா அவளைவிடப் பல வருடம் சின்னவள், மின்னலாக ஓடுகிறவள். பயமும் மரியாதையும் பல சமயம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். பணிவு என்று நாம் ஊரில் பாராட்டுவதில் பாதி, தோற்றுவிடுவோமோ என்ற பயம்தான் என்பது என் அபிப்பிராயம். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம். ஆனால் கதையில் கட்டுரை எழுதினால் வாசகர் எழுந்து போய்விடுவார் என்பதால், அவளிடமே கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

“பயமும்தான்” என்றாள். “மிலேனாவோட ஓடிப் பாத்தேன். தோத்துட்டேன். நல்லாவே தோத்தேன். ஆனா அவளுக்கு எங்க ஓடணும்னு இன்னும் தெரியலைக்கா. எனக்குத் தெரியும். பந்து வர்றதுக்கு முந்தியே அங்க போய் நிப்பேன். அதனால நான் வேகமா ஓட வேண்டியதில்லை.”

“அப்போ ஆடணுமா உனக்கு?”

“இல்லை, விடு.”

“ஆடணுமா?”

“எதுக்கு இப்போ அதெல்லாம்.”

“டாக்மாரா, ஆடணுமா?”

“ஆடணும்க்கா.” நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள். “ஒரு தடவையாவது அந்தப் பெரிய போட்டியில ஆடணும். டிவியில இல்லாம. அஞ்சு நிமிஷம் ஆடி, பூ வாங்கிட்டு வீட்டுக்கு வந்தா நான் செத்துப்போயிட மாட்டேன். ஆனா நல்லா இருக்க மாட்டேன்.”

“கோச்கிட்ட சொல்லேன்.”

“எப்படிச் சொல்றது? வேண்டாம்னு சொன்னவ நானு. டிக்கெட் வித்தாச்சு. வெக்கம் கெட்டவன்னு நினைக்க மாட்டாங்களா? நீயும் சொல்லிடாதே. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். [இது கதைக்கு நல்லதில்லை என்று அப்போதே தெரியும்.]

6

ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெட்டே டாக்மாராவின் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். அணியில் பதினைந்து வருடம் நின்றவளின் பெற்றோரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அவராகவே கேட்டு வந்தார். சங்கத்து மொழிபெயர்ப்பாளருக்கு விடுமுறை. ஆங்கிலம் தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

கையில் ஆறு ரோஜாவோடு வந்தார். இரட்டைப்படைப் பூ இங்கே சாவு வீட்டுக்குத்தான் கொண்டுபோவார்கள். கிசேலா முகம் மாறாமல் வாங்கிக்கொண்டு, ஐந்தை ஜாடியிலும் ஒன்றைத் தண்ணீர்த் தம்ளரிலும் தனியாக வைத்துவிட்டார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

சூப் முடிந்து, இறைச்சிச் சுருள் வந்தது. நடுவில் குழி வைத்த உருளைக்கிழங்கு உருண்டை, அந்தக் குழி நிறையக் குழம்பு, ஓரத்தில் சிவப்பு முட்டைக்கோஸ். மெட்டே ரசித்துச் சாப்பிட்டார். கிசேலா இன்னொரு சுருளைத் தூக்கினார். வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றார் மெட்டே. கிசேலா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டார். மெட்டே திரும்ப வேண்டாம் என்றார். மூன்றாம் முறை கேட்கும்போதே சுருள் தட்டில் இருந்தது.

மெட்டே என்னைப் பார்த்தார். “நான் வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேனே?” மொழிபெயர்த்தேன்.

“ரெண்டு தடவைதானே சொன்னாங்க” என்றார் கிசேலா, ஆச்சரியமாக. “மூணாவது தடவை தட்டை நகத்தலையே.”

அலோய்ஸி வாயில் கறியோடு சேர்ந்துகொண்டார். “எங்க ஊர்ல முதல் ‘வேண்டாம்’ கணக்குல வராதும்மா. ரெண்டாவதும் வராது. கல்யாணத்துக்குக் கேட்டப்போ இவளும் ரெண்டு தடவை வேண்டாம்னா. நான் அதை நம்பியிருந்தா இந்தக் கறி எனக்குக் கிடைச்சிருக்குமா?”

வரிக்கு வரி மொழிபெயர்த்தேன். நான் சத்தியத்தை மீறவில்லை, மேசையில் பேசியதைச் சொன்னேன், அவ்வளவுதான். மெட்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே முள்கரண்டியை எடுத்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டாக்மாராவின் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு ஹோட்டல்ல நீ எங்கிட்ட சொன்னது,” என்றார், “அது முதல் ‘வேண்டாம்’தானா?”

மொழிபெயர்த்தேன். டாக்மாராவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. உருண்டையைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே இருந்தாள். அலோய்ஸி மெல்லுவதை நிறுத்தினார்.

மெட்டே காத்திருந்து பார்த்தார். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “அப்போ திரும்பக் கேக்கிறேன். தகுதிச் சுற்றுக்கு வர்றியா? இடம் தர்றேன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். மிலேனா உன்னைவிட வேகம். நீ அவகூடப் போராடித்தான் இடம் பிடிக்கணும். சனிக்கிழமை ஆட்டம் வழியனுப்பா இல்லாம வேற ஒரு ஆட்டமா இருக்கட்டும், டிக்கெட் வாங்கினவங்க நீ தொண்ணூறு நிமிஷமும் ஆடினா கோபிச்சுக்க மாட்டாங்க. வர்றியா?”

மொழிபெயர்த்தேன். 

டாக்மாரா நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து வந்தது, “வேண்டாம். சின்னப்பிள்ளைங்க ஆடட்டும்.”

கிசேலா கண்ணை மூடிக்கொண்டார்.

7

முடிவு மூன்று [இங்கே நான் மேசையிலிருந்து எழுந்து உங்களிடம் வருகிறேன்.]

அவர்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது. மெட்டேக்கு அந்தப் பதில் இன்னும் முழுதாகப் புரியவில்லை, நான் சொன்னால்தான் புரியும். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். மேசைக்கு அடியில் டாக்மாராவின் கால் என் காலை மிதிக்கிறது. பதினைந்து வருடம் எதிராளிகளை மிதித்துப் பழகிய கால், நன்றாகவே வலிக்கிறது. சொல்லிவிடு என்று மிதிக்கிறாளா, சொல்லாதே என்று மிதிக்கிறாளா, தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைத்தான் சொல்ல வேண்டும். “வேண்டாம் என்கிறாள்” என்று நான் சொன்னால் அது நூற்றுக்கு நூறு சரி. இரண்டாவது ‘வேண்டாமும்’ கணக்கில் வராது என்பது நினைவுக்கு வராவிட்டால், இந்தப் பெண்மணி மறுபடியும் கைகுலுக்கி, கண் கலங்கி, மதித்துவிட்டுப் போய்விடுவார். “இன்னொரு தடவை கேளுங்கள்” என்று சொன்னால் சத்தியம் போயிற்று, அவள் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகிவிடும். அப்புறம் மிலேனாவிடம் தோற்றால் அந்தப் பழி என் தலையில். ஜெயித்தாலோ, நான்கு நாளைக்கு ரூடா முழுக்க என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். எனக்கு அந்த ஆசையும் இருக்கிறது, மறைக்கவில்லை.

என்னால் முடிவு எடுக்க முடியவில்லை. இந்தக் கதையை இந்த ஊரில் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர வேறு யாருமில்லை. உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறந்து மெட்டேயிடம் என்ன சொல்லட்டும்?

“அதெல்லாம் எங்களுக்கு எதற்கு, எழுதியவர் நீங்கள், நீங்களே முடித்துவிடுங்கள், எங்களுக்கு வேண்டாம்” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது.

சரி. திரும்பக் கேட்கிறேன். என்ன சொல்லட்டும்?